12 அடி கடற்கரை ராடுக்குக் கைடு தேர்வு: ரீலை மாட்டி அளந்த பிறகு வாங்குங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மதியத்துக்கு மேல் நின்று மீனுக்காகத் தூண்டில் ஈயம் வீசியவர்களுக்குத் தெரியும், கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கும். நான் கட்டிய முதல் ராடு (தூண்டில் கம்பு) அந்தக் காற்றில் தாங்கவில்லை. பிரெய்டு என்ற பின்னல் நூல் அடிக்கடி முதல் கைடைச் சுற்றிக்கொள்ளும். கைடு என்பது ராடில் நூல் ஓடும் வளையம், ரீலுக்கு அடுத்து இருப்பது முதல் கைடு. 100 கிராம் ஈயம் நூலை அறுத்துக்கொண்டு தனியாகப் பறக்கும். பிளாங்க் (எதுவும் கட்டாத வெறும் கம்பு) நல்லது, நூல் சுற்றும் ரீலும் நல்லது. "12 அடிக்கான செட்" என்று கடையில் கொடுத்த கைடுகளை அப்படியே கட்டியதுதான் தவறு. அதில் முதல் கைடு 40 எண். கனமான பெரிய வளையம், அதுவும் ரீலுக்கு மிக அருகில்.

இரண்டாவது ராடில் அதைச் சரிசெய்துவிட்டேன். பிளாங்க் தேர்வு, கைப்பிடி ஒட்டுவது, பிளாங்கின் முதுகெலும்பு (விறைப்பான பக்கம்) பார்ப்பது எல்லாம் இங்கே இல்லை. கைடு மட்டும்தான்.

முதலில் நூலையும் லீடரையும் முடிவு செய்யுங்கள்

ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் லீடர் (பிரெய்டின் முனையில் சேர்க்கும் தடித்த நூல்) என்பது கடற்கரையில் வீசுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 4 அவுன்ஸ் ஈயம் என்றால் 40 பவுண்டு தங்கூஸ் (நைலான் நூல்). பிரெய்டையும் இந்தத் தங்கூஸையும் சேர்க்கும் முடிச்சு ஒவ்வொரு வீச்சிலும் எல்லாக் கைடுகளையும் தாண்டி ஓட வேண்டும். கடைசிக் கைடும் நுனிக் கைடும் எந்த அளவு என்பதை அந்த முடிச்சுதான் சொல்லும். கைடு எண் என்பது வளையத்தின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். உள்ளே இருக்கும் துளை அதைவிடச் சின்னது. அதனால் முடிச்சைப் போட்டுக் கையில் கொண்டுபோய், வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பார்த்து வாங்குங்கள். தடையில்லாமல் ஓடும் அளவுகளில் சிறியதை எடுங்கள். நுனியில் எடை குறையக் குறைய ராடு வேகமாக நிமிரும். எனக்கு 10 எண் போதுமானதாக இருந்தது.

இழுவைப் புள்ளி: நான் சறுக்கிய இடம்

ஸ்பின்னிங் ரீலின் நடுத்தண்டு பிளாங்குக்குச் சரியான இணையாக இருக்காது, கொஞ்சம் அதை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தத் தண்டை நேர்கோடாக நீட்டினால் ஓர் இடத்தில் பிளாங்கைத் தொடும். சுருள் சுருளாக வெளியே வரும் நூல் அடங்கி ஒரே கோடாக வேண்டிய இடம் அதுதான், அதுவே இழுவைப் புள்ளி. அங்கே சின்ன வளையம் வரும். அதற்கும் ரீலுக்கும் நடுவே இருக்கும் கைடுகள் சுருளைப் படிப்படியாக ஒடுக்கும்.

கேட்க எளிதாக இருக்கும். இரண்டாவது ராடில் முதல் தடவை, ரீல் சீட் (ரீலை மாட்டும் பிடி) ஒட்டுவதற்கு முன்பே, ரீலை டேப் சுற்றிப் பிளாங்கில் நிறுத்தி, கண்ணால் பார்த்துக் குறித்துவிட்டேன். சீட் ஒட்டிய பிறகு ரீலின் உயரமும் சாய்வும் மாறிவிட்டன. ஒரே ஒரு டிகிரி பிசகினால் இந்தப் புள்ளி 40 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போகிறது. கண்ணளவு இதற்கு உதவாது.

இப்போது நான் செய்வது இது. சீட் ஒட்டிக் காய்ந்த பிறகு ரீலை இறுக்கமாக மாட்டுங்கள். ஸ்பூலைக் (நூல் சுற்றியிருக்கும் உருளை) கழற்றுங்கள். வளையாத நீள ரீப்பர் ஒன்றைத் தண்டின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் வையுங்கள். ஸ்பூல் முகப்பு வரும் இடத்தில் தண்டின் மையத்துக்கும் பிளாங்கின் மையத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ரீப்பர் வழியே சரியாக 1 மீட்டர் முன்னால் போய் அதே இடைவெளியை மறுபடி அளங்கள். என்னுடையதில் முதலில் 12 செ.மீ., அங்கே 5.7 செ.மீ. ஒரு மீட்டருக்கு 6.3 குறைகிறது என்றால் 12-ம் தீர 190 செ.மீ. ஆகும். ஸ்பூல் முகப்பிலிருந்து 190 செ.மீ.யில் பென்சில் கோடு போட்டேன். இதை மூன்று முறை அளங்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் அடுத்த வேலை.

அளவும் இடமும்

என் 6000 அளவு ரீலுக்கு, ஸ்பூல் முகப்பிலிருந்து அளந்தால் அமைந்தது: 30 எண் 95 செ.மீ.யில், 20 எண் 148 செ.மீ.யில், 12 எண் 190 செ.மீ.யில். அதற்குமேல் மூன்று 10 எண், நுனியிலிருந்து 62, 37, 17 செ.மீ. தூரத்தில். உங்கள் ரீலுக்கு இந்த எண்கள் மாறும், அளக்கும் முறை மாறாது. நடுவில் இருக்கும் 20 எண்ணின் இடம் சரியா என்று தெரிய, ஸ்பூல் பக்கமிருந்து கைடுகளுக்குள் கண் வைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய புனல்போல் தெரிய வேண்டும்.

இரண்டு துண்டு ராடு என்றால் மூட்டு மேல் கைடு வரக்கூடாது. முதல் கைடு அங்கே வந்து விழுந்தால் மூட்டுக்குக் கீழே சில செ.மீ. இறக்கிவிடுங்கள். இழுவைப் புள்ளியை மட்டும் நகர்த்தாதீர்கள்.

எதில் காசு போடலாம்

முதல் கைடும் நுனிக் கைடும் நல்லதாக இருக்கட்டும். நூல் அதிகம் உரசுவது நுனியில், அறைவது முதல் கைடில். இந்த இரண்டுக்கும் சிலிக்கான் கார்பைடு வளையம் வாங்குங்கள். நடுவில் அலுமினியம் ஆக்ஸைடு வளையம் போதும். வளையம் இல்லாத வெறும் கம்பிக் கைடைத் தொடாதீர்கள், பிரெய்டு அதில் பள்ளம் தோண்டிவிடும். வளையத்தைத் தாங்கும் சட்டம் டைட்டானியம் என்றால் உப்புக்குத் துருப்பிடிக்காது, ஆனால் விலை அதிகம். நான் ஸ்டெயின்லெஸ் வாங்கி, ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். கருப்புப் பூச்சு உள்ளதை வாங்கமாட்டேன், பூச்சு உரிந்த இடத்தில் துரு ஆரம்பிக்கிறது. பியூஜி நிறுவனத்தின் கே வகைச் சட்டம் முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் சிக்கிய நூல் வழுக்கி வெளியேறும். நம் காற்றுக்கு அதுதான் என் தேர்வு. பிளாங்கில் கட்டும் கால், கீழ் மூன்றுக்கும் இரட்டை, மேலே உள்ளவற்றுக்கு ஒற்றை.

கட்டுவதற்கு முன் வளைத்துப் பாருங்கள்

மெல்லிய பக்கத்துக் கைடுகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளாலும், தடித்த பக்கத்தைப் பழைய டியூப் பட்டையாலும் நிறுத்துங்கள். நூலைக் கோத்து, நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு ராடை வளையுங்கள். நூல் ஒரு கைடில் மட்டும் வெடுக்கென்று மடங்கினால் அதற்குப் பக்கத்துக் கைடை அதன் பக்கம் நகர்த்துங்கள். மடக்கு எல்லாக் கைடுகளிலும் பகிர்ந்து வரும்வரை விடாதீர்கள். பிறகு ஆள் இல்லாத கரையில் 50 கிராம் ஈயத்தோடு, முழு வலு போடாமல் பத்து வீச்சு. காற்று எதிரே இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், குறை அப்போதுதான் தெரியும்.

இத்தனையும் சரி என்றால் கைடின் கால்களைக் கட்டுநூல் சுற்றிக் கட்டி எபாக்ஸி பசை பூசலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் மேலே பால்போல் படியும். வெயில் நாளுக்குக் காத்திருங்கள்.

பின்னால் சேர்த்தது: புதுச்சேரி வீராம்பட்டினத்தில் வீசும் நண்பர் இதே முறையில் கட்டியும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நுனி வளையத்தில் மயிரிழை விரிசல். பாறையில் ராடைச் சாய்த்து வைத்தபோது பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றினால் இழை மாட்டும். புதுக் கைடையும் கட்டுவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுங்கள்.