சின்ன வீட்டுக்கு மாறும்போது பழைய ஹைஃபை செட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்குப் போகும்போது கட்டிலுக்கும் அலமாரிக்கும் எப்படியோ இடம் பிடித்துவிடலாம். கடைசிவரை முடிவாகாமல் நிற்பது கூடத்து மூலையில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரும், இடுப்புயர ஸ்பீக்கர்களும், மூடி போட்ட டர்ன்டேபிளும் (இசைத்தட்டு பிளேயர்)தான். வீட்டில் ஒருவர் "அதை யாரும் தொடக்கூடாது" என்பார். இன்னொருவர் "பத்து வருஷமா யார் அதைப் போட்டுக் கேட்டீங்க?" என்பார். இரண்டு பேரும் செட்டை ஓடவிட்டுப் பார்க்காமலே பேசுகிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்பதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

முழு செட்டையும் ஒரே பொருளாகப் பார்ப்பது

ஹைஃபை என்பது நான்கைந்து தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முதுமையடையும். நல்ல ஆம்ப்ளிஃபையர் சின்னச் சின்னப் பழுதுகளோடு பல பத்தாண்டுகள் உழைக்கும். சிடி பிளேயரில் லேசர் போய்விட்டால் அந்த மாடலுக்கான உதிரி பாகம் கிடைப்பதே கஷ்டம். டர்ன்டேபிளில் பெரும்பாலும் பெல்ட்டும் ஊசியும் மாற்றினால் போதும். ஆகவே "வைத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வியை ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் பிரிக்கும்போது எது எதை நம்பி இருக்கிறது என்றும் பாருங்கள். டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு பழைய ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்துவிடுபவர்கள் பலர். டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. சிடி பிளேயர் தருவது ஏறக்குறைய 2 வோல்ட். அந்தச் சின்ன சிக்னலைப் பெரிதாக்கி, 1950-களில் நிலைபெற்ற, அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ-வின் அளவுகோலின்படி பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலி) சரிசெய்யும் ஃபோனோ பகுதி பழைய ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இருந்தது. இப்போது வரும் பல ஆம்ப்களில் அது கிடையாது. புதியதில் நேராகச் சொருகினால் எங்கோ தூரத்து ரேடியோ மாதிரி மெலிசாகக் கேட்கும். தனியாக ஒரு ஃபோனோ பெட்டி வாங்கினால் சரியாகிவிடும். ஆனால் அது தெரியாமல் டர்ன்டேபிளே கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு.

அழுக்கைப் பழுது என்று நினைப்பது

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம், அல்லது ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமை. இந்த இரண்டைக் கேட்டதுமே "அவ்வளவுதான், போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது குமிழுக்குள் படிந்த தூசி, அல்லது ஸ்விட்ச், ரிலே முனைகளில் ஏறிய கறை. மெதுவாகக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் சத்தம் வந்து வந்து போனால் அது அழுக்கின் அடையாளம். எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனரைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு மெக்கானிக் கையில் அரை மணி நேர வேலை.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்பின் பின்னால் இடம் மாற்றுங்கள். ஊமையும் சேர்ந்து இடம் மாறினால் குறை ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால் குறை ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ.

ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, வூஃபரின் (பேஸ் தரும் பெரிய கூம்பு) விளிம்பைச் சுற்றி இருக்கும் வளையத்தைப் பாருங்கள். ரப்பராக இருந்தால் வளைந்து கொடுக்கும். 1970, 80-களில் பல ஸ்பீக்கர்களில் அது பஞ்சு போன்ற ஃபோம். விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே தூளாக உதிர்ந்தால், அது காற்றின் ஈரத்தில் தானாகவே இற்றுப்போனது. உபயோகிக்காமல் பத்திரமாக மூடி வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டலாம். கூம்பும், அதை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கர் பழையபடி பாடும். கிழிந்த வளையத்தோடு சத்தமாகப் போட்டால்தான் காயில் உரசி நிஜமாகவே கெடும்.

பல வருடம் கழித்து அப்படியே ப்ளக்கில் சொருகுவது

இது உண்மையிலேயே ஆபத்தான தவறு. ஆம்ப்பின் பவர் சப்ளையில் இருக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் நீண்ட நாள் சும்மா இருந்தால் வலுவிழக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக், ஒரு பழைய குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் முதல் முறை மின்சாரம் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்திவிடும், ஆம்ப் தப்பிக்கும். நல்ல ஸ்பீக்கரையும் முதலில் மாட்டாதீர்கள். கெட்ட ஆம்ப்பிலிருந்து டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரம் வெளியேறினால் வூஃபர் காயில் சில நொடியில் கருகிவிடும். போனால் போகட்டும் என்கிற ஒரு ஸ்பீக்கரை மாட்டிப் பாருங்கள். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம், ஒயரைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

பழைய கூடத்தில் கேட்டதை வைத்து முடிவு செய்வது

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். ஏனென்றால் ஸ்பீக்கர் தனியாகப் பாடுவதில்லை, அறையோடு சேர்ந்துதான் பாடுகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதும். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த அறை எந்த அலைவரிசையில் முதலில் முனக ஆரம்பிக்கும் என்று தெரியும். 7 மீட்டர் கூடத்தில் அது 25 ஹெர்ட்ஸ் அருகே. பெரும்பாலான பாட்டில் அவ்வளவு கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. 3.5 மீட்டர் அறையில் 49 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் டிரம்மும் நடமாடும் இடம் அது. பழைய வீட்டில் நிதானமாகக் கேட்ட அதே ஸ்பீக்கர் புது வீட்டில் ஒரு இடத்தில் உறுமும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் பேஸே இல்லாமல் போகும்.

சின்ன அறையில் ஸ்பீக்கரை வேறு வழியில்லாமல் சுவரோடு, மூலையோடு ஒட்டி வைக்கிறோம். ஒவ்வொரு சுவரும் பேஸை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும். பின்பக்கம் காற்றுத் துளை உள்ள பெட்டி என்றால் இன்னும் அதிகம். அந்தத் துளையை ஃபோமால், அதுவும் இல்லையென்றால் சுருட்டிய துணியால் அடைத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். துளையே இல்லாத, முழுக்க மூடிய பெட்டிகள் சின்ன அறையோடு எளிதில் ஒத்துப்போகும். அதற்கு நேர் எதிர் குவாட் நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் போன்றவை. முன்னும் பின்னும் ஒருசேர ஒலிக்கும் வகை அது. பின்னால் காற்றோட்டமான இடம் விட முடியாதென்றால், எவ்வளவு அருமையான பொருளாக இருந்தாலும் இன்னொருவர் வீட்டுக்குப் போவதுதான் அதற்கு மரியாதை.

பெரியதை விட்டுச் சின்னதுக்கு வருவது இறக்கம் என்று நினைக்காதீர்கள். பிபிசி 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் வெறும் 30 செ.மீ. உயரம். வெளிப்புற ஒலிபரப்பு வேன் போன்ற நெருக்கமான இடங்களில் குரலைத் துல்லியமாகக் கேட்பதற்காகவே செய்யப்பட்டது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆம்ப்ளிஃபையரும் அப்படித்தான். 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபெல் மட்டுமே. சராசரி ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 88 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கும். சின்ன அறைக்கு அதுவே சத்தம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெரிய பவர் ஆம்ப், அதுவும் சும்மா இருக்கும்போதே சூடாகும் கிளாஸ் ஏ வகை என்றால், அந்த அறையில் அது தேவையில்லாத ஹீட்டர்.

ஆகவே முடிந்தால் எல்லாவற்றையும் புது வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த பாட்டுகளைப் போட்டு, சில வாரம் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக பேஸ் போகிறதா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றும் முன்னால் கேசட் டெக்கைத் தள்ளிவிடுவது

கடையில் வாங்கிய பாட்டு கேசட் போனால் அந்தப் பாட்டு வேறு எங்காவது கிடைக்கும். வீட்டில் பதிவு செய்த குரல் கிடைக்காது. தாத்தா பேசியது, குழந்தை மழலையில் பாடியது எல்லாம் உலகத்தில் அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. கேசட்டுகள் அனைத்தையும் கணினிக்கு மாற்றி முடிக்கும்வரை டெக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். டெக்கின் ஹெட்டை (நாடா உரசிப் போகும் உலோகப் பகுதி) ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டின் வாய்ப்பக்கம் ஒரு சின்ன கம்பளித் துண்டு இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், நாடாவை வேறு கூட்டுக்குள் மாற்றினால் சரியாகும். பதிவு செய்யும் முன் கடைசிவரை ஓடவிட்டு ஒருமுறை பின்சுற்றுங்கள். கோப்பு டபிள்யூஏவி வடிவில், இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். அதன் பிறகு டெக் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

"அப்புறம் பார்க்கலாம்" என்று பரணில் ஏற்றுவது

முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதிலும் மோசமான முடிவு. பரணின் வெப்பத்தில் இசைத்தட்டு வளையும், ஈரத்தில் உறையில் பூஞ்சை பிடிக்கும், டெக்கின் பெல்ட் கருப்புக் கூழாகி உள்ளே ஒட்டும், ரிமோட்டில் விட்ட பேட்டரி கசியும். ஒரு வருடம் வைத்திருப்பதென்றால் ஆட்கள் புழங்கும் அறையில் வையுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். 100 எல்பி இசைத்தட்டுகள் உறையோடு 20 கிலோவுக்கு மேல் வரும், சாதாரண அலமாரிப் பலகை தொய்ந்துவிடும்.

ஆம்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது சின்ன வீட்டுக்கு நல்ல வழி. பின்னால் 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' என்று எழுதிய துளையில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரைச் சொருகினால் போனிலிருந்தே பாட்டு வரும். 'ஃபோனோ' துளையில் மட்டும் சொருகாதீர்கள்.

கேட்கும் விலையை நம்புவது

இணையத்தில் ஒருவர் பெரிய விலை போட்டிருக்கிறார் என்பதால் உங்களுடையதும் அவ்வளவு போகும் என்று அர்த்தமில்லை. விற்று முடிந்த விலையைப் பாருங்கள். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி சில பொருள்களுக்கு எப்போதும் ஆள் உண்டு. 80-களின் மினுமினுக்கும் ரேக் செட்டுகளுக்குப் பெரும்பாலும் இல்லை. ஓடுகிறது என்று காட்டி விற்றால் ஒரு விலை, "செக் பண்ணலை" என்று விற்றால் வேறு விலை. யாருக்கும் வேண்டாம் என்றானால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

எங்கே போனாலும் டர்ன்டேபிளை ஒழுங்காகக் கட்டி அனுப்புங்கள். ஊசிக்கு மூடி போட்டு, ஊசியைத் தாங்கும் கையைக் கொக்கியில் பூட்டி, பின்னாலிருக்கும் எடைக்கட்டியைக் கழற்றுங்கள். சுழலும் தட்டைத் தனியே எடுத்துத் துணியில் சுற்றுங்கள். சிடி பிளேயரின் அடியில் லேசரைப் பூட்டும் திருகு இருந்தால் அதையும் முடுக்குங்கள். ஆம்ப்பில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம்தான் கனம். தூக்குபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.