பள்ளியில் மன்றம் எதுவும் இல்லையா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு உருப்படியான வேலை தேடும் வழி

சிறிய ஊர் மேல்நிலைப் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்எஸ்எஸ்) இருந்தாலும் அது பதினொன்றாம் வகுப்பிலிருந்துதான். விளையாட்டு வகுப்பைப் பல நேரம் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. என் அண்ணன் மகள் படிக்கும் பள்ளியிலும் இதே நிலைதான். அவளோடு உட்கார்ந்து தேடியதைச் செய்யவேண்டிய வரிசையில் எழுதுகிறேன். காசு கட்டிச் சேரும் வகுப்புகளை நாங்கள் தேடவில்லை. எங்கே ஆள் போதாமல் வேலை தேங்கிக் கிடக்கிறதோ அங்கே போனால், பதினான்கு வயதுப் பிள்ளையையும் மதித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

1. பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்

மாவட்டத் தலைநகரம் பக்கமென்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை சேரலாம். பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் வார இறுதியில் நடக்கும். அறிவியல் ஆர்வமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளை. கிளை நூலகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், ஊரில் யார் என்ன நடத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

2. பஸ் ஏற முடியாத ஊரா?

எங்களுக்கு அதுதான் சிக்கல். இரண்டு வழி கிடைத்தது. ஒன்று, பறவைக் கணக்கெடுப்பு. பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு (eBird) செயலி இலவசம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு பதிந்தால் அது ஒரு பட்டியல். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

இன்னொன்று, அவள் தேர்ந்தெடுத்தது: இலவச இணைய நூலகமான விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் அங்கே படங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கணினி அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்கித் தரும், பிழைகளோடு. அந்தப் பிழைகளை நீக்க மனிதக் கண் வேண்டும்.

3. முதல் பக்கத்தைத் திருத்துவது

கணக்கு தொடங்குங்கள். சொந்தப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம், புனைபெயர் போதும். பிறகு ஒரு நூலின் ‘அட்டவணை’ப் பக்கத்துக்குப் போனால் பக்க எண்கள் நிறம் நிறமாகத் தெரியும். சிவப்பு என்றால் மெய்ப்புப் பார்க்காதது, மஞ்சள் ஒருவர் பார்த்தது, பச்சை இரண்டாம் ஆளும் சரிபார்த்தது. சிவப்பில் ஒன்றைத் திறந்தால் ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எழுத்து.

இங்கேதான் நிதானம் வேண்டும். கணினி துணைக்காலை ‘ர’ என்று படித்துவிடும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடும். இதைத் திருத்த வேண்டும். ஆனால் ஆசிரியர் ‘ஸந்தோஷம்’ என்று அச்சிட்டிருந்தால் அதை ‘சந்தோஷம்’ ஆக்கக் கூடாது. தமிழ் நன்றாக எழுதும் பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டம். விட்டுப்போன ஒற்றைப் பார்த்தால் கை தானாகப் போடும். அச்சில் என்ன இருக்கிறதோ அதுதான் வேண்டும், நம் இலக்கணம் அங்கே எடுபடாது. அதேசமயம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத் தும்பிக்கை போல வளைந்த லை, னை வந்தால் குழம்ப வேண்டாம். அது எழுத்தின் வடிவம் மட்டுமே. கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டும் ஒன்றுதான், வழக்கம்போலத் தட்டச்சு செய்யலாம். அச்சில் வரி முடிவில் உடைந்த சொற்களைச் சேர்த்துவிடுங்கள். பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ் எழுத்துகளுக்கே தனி விசைகள் உள்ள தமிழ்99 பழகுவதே நல்லது என்பேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் ‘ன’வா ‘ண’வா என்று ஒவ்வொரு முறையும் கை தடுமாறும். விக்கிமூலத்திலேயே தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம், எதையும் நிறுவத் தேவையில்லை. அதனால் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியே போதும். தலைமையாசிரியரிடம் கேட்கும்போது ‘இணையம் பயன்படுத்த’ என்று சொல்லாமல், எந்த நூல், எந்தப் பக்கங்கள் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அனுமதி கிடைக்க அது உதவும்.

4. நேரம்

வாரத்துக்கு ஒரு மாலை போதும். பெரிய புத்தகத்தில் கை வைக்காமல், சிறிய கட்டுரைத் தொகுப்பாக எடுத்து முடியுங்கள். முடித்த நூலின் பெயரும் தேதியும் ஒரு நோட்டில் ஏறட்டும்.

பின்சேர்க்கை: ‘சேமிக்கும்போது நிறப் பொத்தான்களே வரவில்லை’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். பக்கம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று குறிக்கும் அந்தப் பொத்தான்கள், உள்நுழையாமல் திருத்தினால் தெரியாது. தான் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தானே பச்சையாக்கவும் முடியாது, அதற்கு வேறொருவர் வேண்டும். ஆகவே வகுப்புத் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டு பக்கங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். போனில் செய்பவர்கள் உலாவியில் கணினிப் பார்வைக்கு மாற்றிக்கொண்டால் படமும் எழுத்தும் அருகருகே வரும்.