ஏதென்ஸுக்குப் புதிதா? 1974, 2010 இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்

கிரீஸுக்கு வந்து இறங்கியதும் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது வரி எண், வீட்டு வாடகை, அரிசி கிடைக்கும் கடை. நியாயம்தான். ஓட்டே இல்லாத ஊரில் அரசியல் நமக்கு எதற்கு என்று அதை மட்டும் விட்டுவிடுகிறோம். ஆனால் மெட்ரோ ஓடாத நாளும், பிள்ளையின் பள்ளிக்கூடம் மூடும் நாளும், ஆபீஸில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாததும் பல சமயம் அரசியல் விவகாரம்தான். 1974, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டால், இங்கே காதில் விழும் வாக்குவாதத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

1967 ஏப்ரல் 21 அன்று கர்னல்கள் சிலர் டாங்கிகளைத் தெருவில் இறக்கி ஆட்சியைப் பிடித்தார்கள். ஏழு ஆண்டுகள் கட்சிகளுக்குத் தடை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்தவர்களுக்குத் தீவுச் சிறையும் சித்திரவதையும். 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர்கள் வளாகத்தைப் பிடித்துக்கொண்டு, தாங்களே ஒரு வானொலியை அமைத்து ஊரைத் துணைக்கு அழைத்தார்கள். 17-ம் தேதி அதிகாலை ஒரு டாங்கி வாசல் கதவை இடித்துத் தள்ளியது. நசுங்கிய அந்த இரும்புக் கதவு பத்திசியோன் தெரு வளாகத்துக்குள் இன்றும் கிடக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், எந்த விளக்கமும் தேவைப்படாது. ஆண்டுதோறும் நவம்பர் 17-ல் அங்கே சிவப்பு கார்னேஷன் பூக்கள் குவியும். பிறகு அமெரிக்கத் தூதரகம் வரை ஊர்வலம். கர்னல்களுக்கு வாஷிங்டன் துணை நின்றது என்ற கோபம் இன்னும் தணியவில்லை. அன்று பள்ளிகளில் பாடம் நடக்காது, ஊர்வலப் பாதையில் உள்ள மெட்ரோ நிலையங்களையும் மூடிவிடுவார்கள். வீடு திரும்பும் வழியை முன்னாலேயே யோசித்து வையுங்கள்.

1974 ஜூலையில் கர்னல்கள் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தப் போக, துருக்கிப் படை அந்தத் தீவுக்குள் நுழைந்தது. அத்தோடு ராணுவ ஆட்சி சரிந்தது. பாரிஸில் இருந்த பழைய பிரதமர் கான்ஸ்டன்டினோஸ் கரமன்லிஸை அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஜூலை 24 பின்னிரவில் வந்து இறங்கியவர் விடிவதற்குள் பதவியேற்றுவிட்டார். அவர் வலதுசாரி. ஆனாலும் 1947 முதல் தடையில் கிடந்த கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தவர் அவர்தான். நவம்பரில் தேர்தல் நடந்தது. டிசம்பரில் மன்னர் வேண்டுமா என்று வாக்கெடுப்பு, 69 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1975-ல் புதிய அரசியலமைப்பு வந்தது, கர்னல்கள் மீது வழக்கும் நடந்தது. மூவருக்கு விதித்த மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்கள். பழிவாங்காமல், அதே சமயம் மன்னித்து மறந்துவிடாமலும் நடந்த விதம் எனக்கு இன்றும் வியப்பு.

கட்சிகள் அதற்கு முன்பும் இருந்தன. விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த எலெஃப்தெரியோஸ் வெனிசெலோஸ் 1910-லேயே லிபரல் கட்சியைத் தொடங்கியவர். ஆனால் பெரும்பாலான கட்சிகள் தலைவரையும் ஊர்ப் பெரியவர்களையும் நம்பி நின்றன, தலைவர் நகர்ந்தால் கூடாரம் காலி. 1974-க்குப் பிறகுதான் இது மாறியது. செப்டம்பர் 3-ல் அந்த்ரேயாஸ் பப்பாண்ட்ரேயு பாசோக் என்ற சோசலிசக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த மாதம் கரமன்லிஸ் நேயா டிமோக்ராத்தியாவைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகக் கிளை, உறுப்பினர் அட்டை, மாணவர் அணி, தொழிற்சங்க அணி என்று இரண்டும் வேர்விட்டன. பாசோக் பச்சை, நேயா டிமோக்ராத்தியா நீலம். நம்மூரில் வேட்டிக் கரை காட்டிக்கொடுப்பதை, எண்பதுகளின் கிரேக்கக் கிராமத்தில் காப்பிக்கடை காட்டிக்கொடுத்தது: பச்சைக்காரர்களுக்கு ஒரு கடை, நீலக்காரர்களுக்கு ஒரு கடை. மாறி உட்கார்ந்தால் அன்று ஊருக்கே செய்தி.

1981-ல் ‘மாற்றம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு பாசோக் 48 சதவீத வாக்கு வாங்கி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆட்சி செய்த சில வேலைகள் உங்கள் வீட்டுக்குள் வரை வரும். தேவாலயத்துக்குப் போகாமல் நகராட்சியில் திருமணம் செய்துகொள்ளும் உரிமை 1982-ல் வந்தது. நம் பிள்ளைகள் சிலர் இங்கே பதிவுத் திருமணம் செய்வது அந்தச் சட்டத்தில்தான். 1983-ல் வரதட்சணையைச் சட்டத்திலிருந்தே எடுத்தார்கள். கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்வது என்பதும் அப்போதுதான் விதியானது. காய்ச்சல் என்று நீங்கள் ஓடும் அரசு மருத்துவமனை எல்லாம் அதே ஆண்டு உருவான தேசிய சுகாதார அமைப்பின் கீழ் வருபவை. வயதானவர் ஒருவர் பாசோக்கைத் திட்டிக்கொண்டே அந்த்ரேயாஸ் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருந்தால் குழம்பாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்சி மாறினால் கட்சிக்காரப் பையனுக்கு அரசு வேலை, எம்.பி. வீட்டு வாசலில் சிபாரிசு வரிசை. இதை இங்கே ருஸ்ஃபெத்தி என்பார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறிச் செய்தவை. 1994-ல் அரசு வேலைக்கு ஆள் எடுக்க ஆசெப் என்ற தனி அமைப்பு வந்தது, 1998-ல் மக்கள் குறைதீர்ப்பாளர் அலுவலகம், 2002-ல் கெப் என்ற சேவை மையங்கள். இவை வந்தபின் சிபாரிசுக்கு வேலை குறைந்தது, முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே, ‘கட்சியில் எனக்கு ஆள் இருக்கிறார், உங்கள் வசிப்பு அனுமதி அட்டையை நகர்த்திவிடலாம்’ என்று காசு கேட்பவரிடம் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். கோப்பு நகரவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் எழுதுங்கள். இலவசம், குடியுரிமை இல்லாதவர்களும் புகார் கொடுக்கலாம்.

குடும்ப ஆட்சி பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பப்பாண்ட்ரேயு வீட்டில் தாத்தா, மகன், பேரன் மூவரும் பிரதமர்கள். கரமன்லிஸுக்குப் பிறகு அவருடைய தம்பி மகன் 2004-ல் வந்தார். 2019-ல் பிரதமரான கிரியாகோஸ் மிட்சொடாகிஸின் அப்பாவும் 1990-ல் பிரதமரானவர்.

சரி, 2010. அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று பேரன் ஜார்ஜ் பப்பாண்ட்ரேயு, கஸ்தெலோரிசோ என்ற குட்டித் தீவில், முதுகுக்குப் பின்னால் நீலக் கடல் மின்ன, நாடு கடனில் மூழ்கிவிட்டது, வெளியார் உதவி கேட்கிறோம் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். அடுத்து கடன் கொடுத்தவர்களோடு போட்ட ஒப்பந்தங்களைத்தான் ‘மெமோராண்டம்’ என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். சம்பளம் வெட்டு, ஓய்வூதியம் வெட்டு, வரி மேல் வரி. 2013-ல் வேலையின்மை 27 சதவீதம். படித்த பிள்ளைகள் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினார்கள். உங்கள் வயதுக்காரர் யாரிடமாவது 2012-ல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு காப்பி போதாது.

கட்சிகளும் அதில்தான் உடைந்தன. 2009-ல் 43.9 சதவீதம் வாங்கிய பாசோக் 2015 ஜனவரியில் 4.7-க்கு வந்தது. 2009-ல் 4.6 வாங்கிய இடதுசாரி சிரிசா அதே தேர்தலில் 36.3 வாங்கி ஆட்சியைப் பிடித்தது. அந்த ஜூலையில் ஏ.டி.எம்.மில் நாளுக்கு 60 யூரோதான். கடன்காரர்களின் நிபந்தனையை ஏற்கலாமா என்ற வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமே பிரதமர் சிப்ராஸ் வேறொரு கடும் ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினார். அந்த ‘வேண்டாம்’ என்ன ஆனது என்ற கேள்வி இன்றும் நட்புகளைப் பிரிக்கிறது. நீங்கள் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதுபோலவே, ‘ராணுவ ஆட்சியில் ரோடாவது போட்டார்கள்’ என்று யாராவது தொடங்கினால் தலையசைக்க வேண்டாம். அடுத்த நாற்காலியில் இருப்பவரின் அப்பா சிறையில் இருந்திருக்கலாம்.

நெருக்கடியின் இருண்ட பக்கம் நம்மைப் போன்றவர்கள் மீதுதான் விழுந்தது. பொன் விடியல் என்ற நாஜி ஆதரவுக் கட்சி 2012-ல் சுமார் 7 சதவீத வாக்கோடு நாடாளுமன்றத்துக்குள் வந்தது. 2013 ஜனவரியில் விடியற்காலை சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு பாகிஸ்தானிய இளைஞரை ஏதென்ஸின் பெத்ரலோனாவில் குத்திக் கொன்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மனோலாதா என்ற ஊரில் ஸ்ட்ராபெர்ரி பறித்த வங்கதேசத் தொழிலாளர்கள் பாக்கிச் சம்பளம் கேட்டபோது கங்காணிகள் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்த வழக்கில் 2017-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கிரீஸ் அரசைக் கண்டித்தது. 2013 செப்டம்பரில் ராப் பாடகர் பாவ்லோஸ் ஃபிசாஸ் கொலையான பிறகுதான் அரசு விழித்தது. 2020 அக்டோபர் 7 அன்று அந்தக் கட்சியின் தலைமையைக் குற்றக் கும்பல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். தோல் நிறத்துக்காக யாராவது வம்பிழுத்தால் பேசாமல் ஒதுங்கிப் போவது நம் பழக்கம். இங்கே புகார் கொடுங்கள். சம்பளப் பாக்கி என்றால் உங்கள் ஊர்த் தொழிலாளர் மையத்துக்குப் போங்கள், சங்கத்தில் சேர வெளிநாட்டவருக்கும் உரிமை உண்டு.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். நாடாளுமன்றத்தில் 300 இடங்கள், உள்ளே நுழைய நாடு முழுவதிலும் 3 சதவீத வாக்கு வேண்டும், முதலிடத்துக்குக் கூடுதல் இடங்கள் கிடைக்கும். பள்ளிக்கூடங்கள்தான் வாக்குச்சாவடி. வாக்காளர் கையில் எல்லாக் கட்சிகளின் தாள்களையும் ஓர் உறையையும் கொடுப்பார்கள். திரைக்குப் பின் போய், விரும்பிய கட்சியின் தாளை மட்டும் எடுத்து, பிடித்த வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் சிலுவைக் குறி போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். பலருக்கு ஓட்டு சொந்தக் கிராமத்தில்தான், அதனால் அந்த வாரக் கடைசியில் பஸ், கப்பல் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஓட்டுப் போடுவது சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் யாரும் கேட்பதில்லை. 2023 ஜூனில் வந்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல்.

வேலைநிறுத்தத்துக்கு அபெர்கியா என்று பெயர். பெட்டிக்கடைகளில் துணிக்கிளிப் போட்டுத் தொங்கும் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காசு கொடுக்காமல் படித்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். பிப்ரவரி 28-ஐத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2023-ல் அன்று டெம்பி என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 57 பேர் இறந்தார்கள், பலர் மாணவர்கள். 2025-ல் அதே நாளில் நாடே தெருவில் நின்றது.

நமக்கு ஓட்டு உண்டா? நீண்டகாலம் வசிக்கும் வெளிநாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க 2010-ல் ஒரு சட்டம் வந்தது. உச்ச நிர்வாக நீதிமன்றம் 2013-ல் அது அரசியலமைப்புக்கு முரண் என்றுவிட்டது. மிச்சம் இருக்கும் வழி குடியுரிமைதான். பொதுவாக ஏழு ஆண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும், பிறகு தேர்வு. அதில் கிரேக்க மொழியோடு வரலாறு, புவியியல், பண்பாடு, அரசியல் அமைப்புகள் பற்றிய கேள்விகளும் உண்டு. கேள்வித் தொகுப்பை அரசே வெளியிட்டிருக்கிறது, இப்போதே பதிவிறக்கி வையுங்கள். இந்தியர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும்: இரட்டைக் குடியுரிமை இல்லாததால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், அதன்பின் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையர் இரட்டைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு, அந்த வேலையைக் கிரேக்கக் குடியுரிமை எடுப்பதற்கு முன்பே தூதரகத்தில் விசாரித்துவிடுங்கள்.