வான் வில்லிபிராண்ட் காரணி எங்கே சிக்குகிறது? செல்லுக்குள் பார்க்கும் முறை

ரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணி ரத்தத்தில் குறைவு என்று அறிக்கை வருகிறது. செல் அதைச் செய்யவில்லையா, செய்தும் அடுக்கி வைக்கத் தெரியவில்லையா, வெளியே விட்டபின் சீக்கிரம் கழிந்துவிடுகிறதா? அந்த எண்ணில் பதில் இல்லை. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களில்தான் தேட வேண்டும்.

1964இல் வீபலும் பலாடேயும் விவரித்த சுருட்டு வடிவ உறைகள்தான் கிடங்கு. நீளம் 1 முதல் 5 மைக்ரான். செல்லுக்குள் புரதம் உருவாகும் எண்டோபிளாஸ்மிக் வலையில் இந்தப் புரதங்கள் வால்பக்கம் சேர்ந்து இரட்டையாகின்றன. பிறகு கோல்கி என்ற செல் உறுப்பின் அமிலச் சூழலில், முன்புரதத்தின் (புரதத்தின் முன்பகுதி; பின்னர் வெட்டிப் பிரிக்கப்படுவது) துணையோடு, தலைப்பக்கம் கோத்து நீண்ட சங்கிலியாகி குழல்போலச் சுருள்கின்றன. சுருட்டு வடிவம் அந்தக் குழலால் வருவது. ஆகவே வடிவம் கெட்டிருந்தால் சங்கிலி கோர்ப்பதில் ஏதோ பிசகு.

உள்சுவர்ச் (எண்டோதீலியல்) செல்களை ரத்தத்திலிருந்தே வளர்த்தெடுக்கலாம். சம்மதம் பெற்று 30–50 மி.லி. ரத்தம் எடுத்து, அன்றே ஃபைகால் என்ற அடர்த்திப் பிரிப்புக் கரைசல் மூலம் ஒற்றைக்கரு செல்களைப் பிரியுங்கள். கொலாஜன் பூசிய தட்டில் எண்டோதீலியல் வளர்ப்பு ஊடகத்தில் இடுங்கள். முதல் வாரம் தினமும் ஊடகம் மாற்றவும். பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள் கூழாங்கல் பாவியதுபோன்ற கூட்டங்கள் தெரியும். சிலரிடம் ஒன்றுமே முளைக்காது. மறுபடி ரத்தம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

கண்ணாடித் துண்டில் செல்கள் நெருங்கி நிரம்பியபின் இன்னும் சில நாள் விடுங்கள். பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் உறைகள் குறைவு; அவசரப்பட்டால் ஆரோக்கியமான செல்லே நோயுற்றதுபோல் காட்டும். 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்தி, மூன்று புரதங்களுக்கு எதிர்ப்பொருள் கொண்டு சாயம் ஏற்றுங்கள்: வான் வில்லிபிராண்ட் காரணிக்கு ஒன்று, எண்டோபிளாஸ்மிக் வலைக்குப் புரத டைசல்ஃபைடு ஐசோமரேஸ், செல் எல்லைக்கு விஇ-கேட்ஹெரின். ஒளிரும் சாயம் தாங்கிய இரண்டாம் எதிர்ப்பொருள் மட்டும் இட்ட ஒரு துண்டும் கட்டாயம்.

கான்ஃபோகல் நுண்ணோக்கியில் சுருட்டுகளுக்குப் பதில் கருவைச் சுற்றி வலைபோல மங்கலாகப் பரவி, ஐசோமரேஸ் சாயத்தோடு ஒட்டிக் கிடந்தால் புரதம் எண்டோபிளாஸ்மிக் வலையிலேயே தங்கிவிட்டது. புரதச் சங்கிலியின் 1149ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால் இப்படித்தான். அந்தப் பிறழ்ந்த பிரதி நல்ல பிரதியோடு இரட்டையாகி அதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உறைகள் உருண்டையாகவோ குட்டையாகவோ இருந்தால் சங்கிலி கோர்ப்பதைச் சந்தேகியுங்கள். எல்லாம் இயல்பாக இருந்தும் ரத்தத்தில் குறைவு என்றால் வேகமாகக் கழிகிறதா என்று பாருங்கள். விசென்சா எனப்படும் 1205ஆம் இடப் பிறழ்வில் பிரச்சினை அதுதான். அங்கே முன்புரதத்துக்கும் முதிர்ந்த புரதத்துக்கும் உள்ள விகிதம் ரத்தத்தில் ஏறியிருக்கும்.

வெளியேற்றத்தையும் அளக்கலாம். சீரம் இல்லாத ஊடகத்தில் 100 மைக்ரோமோலார் ஹிஸ்டமின் 30 நிமிடம். அது இல்லாத கிண்ணமும் பக்கத்திலேயே. ஊடகத்தையும் செல் கரைசலையும் எலிசா என்ற எதிர்ப்பொருள் சோதனையில் அளந்து, வெளியே வந்தது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கழுவும்போது முரட்டுத்தனமாகக் குலுக்கினால் தூண்டாமலே வெளியேறிவிடும்.

பெரும்பாலானோர் தவறுவது ஒப்பீட்டில். ஆரோக்கியமானவர்களின் செல்களே ஆளுக்கு ஆள், கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். தலைமுறை (செல்களைப் பிரித்து மறுபடி வளர்க்கும் தடவை) ஏற ஏற உறைகள் குறையும். ஒரே ஒரு நல்ல மாதிரியோடு ஒப்பிட்டுப் படம் போடுவதை நாங்கள் ஏற்பதில்லை. குறைந்தது மூன்று பேர், அதே தலைமுறை, அதே நாள் சாயம்.

ரத்தம் கிடைக்காதபோது ஹெக்293 என்ற மனிதச் சிறுநீரக ஆய்வகச் செல்கள் கைகொடுக்கும்; இந்தப் புரதத்தைச் செய்ய வைத்தால் போலி உறைகளை அவை தாமே உருவாக்கும். ஒரு பிரதி மட்டும் பிறழ்ந்தவரைக் காட்ட, நல்ல மரபணு தாங்கிய பிளாஸ்மிடும் (வட்ட டிஎன்ஏ) பிறழ்ந்ததும் சம அளவில் இடுங்கள். கூடவே பாதி நல்லது, பாதி வெற்று பிளாஸ்மிட் என்ற கிண்ணமும் வேண்டும். அது இல்லாவிட்டால், பிறழ்ந்த பிரதி நல்லதைக் கெடுக்கிறதா, வெறுமனே உற்பத்தி பாதியானதா என்று பிரித்தறிய வழியே இல்லை.