நகலெடுத்துவிட்டார்கள் என்று வழக்குத் தொடரும் முன்

தம் படைப்பையோ பெயரையோ பிறர் எடுத்தாள்வதைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது, தம்மிடம் இருப்பது பதிப்புரிமையா, வணிகக்குறி உரிமையா என்று பிரித்துப் பார்ப்பதுதான். இரண்டையும் நீதிமன்றம் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

நகலெடுத்ததை மெய்ப்பித்துவிட்டால் பதிப்புரிமை வழக்கில் வெற்றி உறுதி என்று பலர் நம்புகின்றனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்த ஃபைஸ்ட் வழக்கு அந்த நம்பிக்கையைக் கலைக்கும். ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம், திருட்டைக் கண்டுபிடிப்பதற்கென்றே தன் விவரப் புத்தகத்தில் 4 பொய்ப் பதிவுகளைச் செருகி வைத்திருந்தது. ஃபைஸ்ட் என்ற பதிப்பு நிறுவனம் வெளியிட்ட தொலைபேசிப் புத்தகத்தில் அவையும் அப்படியே இருந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டும் வென்றது ஃபைஸ்ட்தான். பெயர்களை அகரவரிசையில் அடுக்கியதில் சொந்தப் படைப்புத்திறன் ஏதுமில்லை என்று நீதிமன்றம் கருதியது.

ஆகவே இரு படைப்புகளையும் அருகருகே வைத்து, பொதுவான தகவல்களையும் வெறும் கருத்துகளையும் துறைக்கே உரிய வழக்கமான கூறுகளையும் அடித்துவிடுங்கள். எஞ்சுவதே உங்கள் வழக்கு. அது சில வரிகளாகச் சுருங்கினால், நான் சொல்வேன், வழக்கை விட்டுவிடுவதே மேல். போதிய அளவு எஞ்சினால், அது உங்கள் ஆக்கமே என்று காட்ட, தேதியிட்ட வரைவுகளைத் திரட்டுங்கள்.

வணிகக்குறியை அப்படி அருகருகே வைத்துப் பார்க்கலாகாது. பெயரை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளர் ஏமாறுவாரா என்பதே கேள்வி. ஒலிப்பு, தோற்றம், பொருள், சரக்கின் தன்மை எல்லாம் சேர்த்து எடைபோடப்படும். குழம்பிய வாடிக்கையாளர்கள் அனுப்பிய கடிதங்கள் இருந்தால், அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் நோட்டீஸை நிதானமாக எழுதுங்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் வணிகக்குறியின் பேரால் விடுக்கும் அடிப்படையற்ற மிரட்டலே, அதை விடுத்தவர்மீது வழக்குத் தொடர இடம்தரும். அதற்காகக் காலம் கடத்தவும் கூடாது. முதற்பார்வைக்கு வழக்கில் வலு உள்ளதா, தடை விதித்தால் யாருக்குச் சிரமம் அதிகம், பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு நேருமா என்று பார்த்தே, வழக்கு முடியும்வரை எதிராளியைத் தடுத்துவைக்கும் இடைக்காலத் தடை வழங்கப்படும். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவரின் அவசரத்தை நீதிபதி நம்பமாட்டார்.

சமரசமானால், துறைகளின் எல்லை நாளை மாறலாம் என்பதை மனத்தில் கொண்டு ஒப்பந்தத்தை எழுதுங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கார்ப்ஸ் நிறுவனத்துடன் 1981-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், இசைத்துறைக்குள் வருவதில்லை என்று ஆப்பிள் கணினி நிறுவனம் ஒப்புக்கொண்டது. கணினியே இசைக்கத் தொடங்கியதும் பூசல் மீண்டும் வெடித்தது. குறிகள் கணினி நிறுவனத்துக்கே உரியவை, சிலவற்றை அது ஆப்பிள் கார்ப்ஸுக்கு உரிமமாக வழங்கும் என்று 2007-இல் புது உடன்பாடு எழுத வேண்டியதாயிற்று.