சின்ன ஊர் சேவைச் சங்கத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

பொன்விழா நெருங்கும்போதுதான் பெரும்பாலான லயன்ஸ், ரோட்டரி சங்கங்களுக்கு வரலாறு நினைவுக்கு வருகிறது. விழாவுக்கு மூன்று மாதம் இருக்கையில் மலர்க்குழு போடுவார்கள். வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும் சேர்ந்து மலர் தடித்துவிடும். வரலாறு இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். உருப்படியாகச் செய்ய ஓராண்டாவது வேண்டும். முதலில் காகிதம், அப்புறம் ஆட்களின் நினைவு என்ற வரிசையில் போங்கள். எண்பதைத் தாண்டிய உறுப்பினர்கள் இருந்தால் அவர்களை மட்டும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஆண்டு அட்டவணை

ஒரு நீளமான நோட்டிலோ எக்செல் தாளிலோ ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எண்ணிக்கை, கூட்டம் நடந்த இடம், முக்கியப் பணி, இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என ஏழு கட்டங்கள் போதும். கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. பின்னால் தகராறு வருவதெல்லாம் அதனால்தான்.

இரண்டு சங்கங்களுக்கும் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. ஆகவே ‘1984 தலைவர்’ என்று எழுதினால் இரண்டு பேர் உரிமை கொண்டாடலாம். எப்போதும் 1984–85 என்றே எழுதுங்கள். இதில் ஓரிடம் பிசகினால் அதற்குக் கீழே வரும் பெயர்கள் எல்லாம் ஒவ்வோர் ஆண்டு தள்ளிப் போய்விடும். சங்கக் கட்டடத்தில் தொங்கும் முன்னாள் தலைவர்கள் பலகையை அப்படியே நம்ப வேண்டாம். பெயின்டர் விட்ட பெயரும், பாதியில் விலகியதால் வேண்டுமென்றே விட்ட பெயரும் அதில் உண்டு.

தொடக்க நாள் எது என்பதில் சண்டை நிச்சயம். முதல் கூட்டம் ஒரு நாள், பட்டயத்தில் (தலைமையகம் தரும் அங்கீகாரச் சான்றிதழ்) அச்சான தேதி ஒரு நாள், ஆளுநர் (சங்கங்களின் மாவட்டத் தலைவர், மாநில ஆளுநர் அல்ல) வந்து பட்டயம் வழங்கிய விழா இன்னொரு நாள். இவற்றுக்கிடையே சில மாதங்கள்கூட இருக்கலாம். மூன்றையும் தனித்தனியே குறித்துவிட்டு, பட்டயத் தேதியைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். சங்கத்தை உருவாக்கிய தாய்ச் சங்கத்தின் பெயரும் வேண்டும். உங்கள் ஊரில் தொலைந்த கடிதங்களின் நகல் அங்கே இருக்கலாம்.

எங்கே தேடுவது

தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, ரசீதுக் கட்டை, தணிக்கை அறிக்கை, ஆளுநர் வருகைக்காகத் தயாரித்த அறிக்கை. இவற்றில் கடைசி ஒன்று புதையல். அந்த ஆண்டின் எல்லாப் பணியையும் செயலாளர் ஒரே இடத்தில் எழுதியிருப்பார். சங்கமோ அதன் அறக்கட்டளையோ பதிவு செய்யப்பட்டிருந்தால், பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு பழைய ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் கேட்கலாம். பதிவேடுகள் சங்கத்தில் இல்லையென்றால் முன்னாள் செயலாளர்களின் வீட்டுப் பரணில் இருக்கும். கேட்கப் போகும்போது ‘கணக்குக் கேட்க வரவில்லை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தேதியில்லாத நோட்டீஸ்கள் நிறையக் கிடைக்கும். ‘வரும் ஞாயிறு’ என்றிருக்குமே தவிர ஆண்டு இருக்காது. இதற்குச் சில பிடிகள் உண்டு. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தையது. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. லை, ளை, ணை, னை எழுத்துகள் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால் 1978 அக்டோபர் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சின்ன ஊர் அச்சகங்கள் ஈய எழுத்தை உடனே மாற்றவில்லை, அதனால் சில ஆண்டுகள் தாராளம் கொடுங்கள். ‘காமராஜர் மாவட்டம்’, ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ போன்ற பெயர்கள் எண்பதுகளின் நடுவிலிருந்து 1997 வரைக்கும்தான். இரண்டு மூன்று பிடிகள் ஒத்துவந்தால் ஆண்டை ‘சுமார்’ என்று போட்டு எழுதலாம்.

எண்களும் பெயர்களும்

கண் சிகிச்சை முகாம்தான் இந்த வரலாறுகளில் அதிகம் ஊதிப் பெருக்கப்படும் பகுதி. ஒரு முகாமுக்கு மூன்று எண்கள் உண்டு: பரிசோதிக்கப்பட்டவர்கள், அறுவைக்குத் தேர்வானவர்கள், அறுவை நடந்தவர்கள். மேடையில் சொல்லப்படுவது முதல் எண். மலரில் வரும்போது அது அறுவை எண்ணாக மாறிவிடும். முகாம் நடத்திய மருத்துவமனையில் பதிவு இருக்கும், கேட்டு ஒப்பிடுங்கள். ‘கண்ணாடி வழங்கப்பட்டது’ என்பதா ‘லென்ஸ் பொருத்தப்பட்டது’ என்பதா என்பதையும் பாருங்கள். பழைய அறுவையில் கண்ணின் லென்ஸை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். இலவச முகாம்களில் உள்ளே லென்ஸ் வைப்பது தொண்ணூறுகளில்தான் பரவலானது.

மரக்கன்றுக்கும் இதே கதி. நட்டது எத்தனை, இன்று நிற்பது எத்தனை என்று நேரில் போய் எண்ணுங்கள். நிழற்குடை, குடிநீர்த் தொட்டி, தகன மேடைக் கூரை எல்லாவற்றிலும் கல்வெட்டைப் படமெடுங்கள். அதிலிருப்பது திறப்பு விழாத் தேதி. செலவும் நன்கொடையாளர் பெயரும் தீர்மானப் புத்தகத்தில்தான் கிடைக்கும்.

லயன்ஸ் 1987-லும் ரோட்டரி 1989-லும்தான் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றன. அதற்கு முந்தைய படங்களில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் உறுப்பினர்களின் மனைவிமார். முகாமில் பதிவு எழுதியதும் சாப்பாடு பொறுப்பும் அவர்களுடையதாகவே இருக்கும், ஆனால் பதிவேட்டில் ‘திருமதி’யும் கணவர் பெயரும் மட்டும். வீடு தேடிப் போய் அவர்களின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

பேட்டிக்குப் பழைய படத்தோடு போங்கள். ‘அந்தக் காலத்தில் எப்படி?’ என்றால் பொதுவான பாராட்டுதான் வரும். படத்தைக் கையில் கொடுத்து ‘இடமிருந்து மூன்றாவது யார்?’ என்றால் கதை வரும். ஆண்டு நினைவில்லாதவரிடம் 1977 நவம்பர் புயலுக்கு முன்னாலா பின்னாலா, இந்திரா காந்தி சுடப்பட்டபோது யார் தலைவர் என்று கேளுங்கள்.

ஊரில் இரண்டாவது சங்கம் ஒன்று பிறந்திருந்தால் பின்னணியில் தேர்தல் மனக்கசப்பு இருந்திருக்கலாம். எந்த மாதம், எத்தனை பேர் விலகினார்கள், புதிய சங்கத்துக்குப் பட்டயம் எப்போது வந்தது என்று மட்டும் எழுதி, அடைமொழி சேர்க்காமல் விடுங்கள். மூடி மறைத்தால் உறுப்பினர் எண்ணிக்கை திடீரெனச் சரிவது ஏன் என்று அட்டவணையே கேட்கும்.

பாதுகாப்பும் அச்சும்

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைக் கையால் இழுத்தால் தாள் கிழியும். பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எழுத்துப் பக்கங்களை 300 டிபிஐ, படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யலாம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே படமெடுங்கள்.

அச்சில் பக்கக் கணக்கு பதினாறின் மடங்காக இருந்தால் வீணில்லை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், 96 பக்கம் என்றால் ஆறு பாரம். விளம்பரங்களைக் கடைசி பாரத்தில் தனியே கட்டச் சொல்லுங்கள். பிற்பாடு வரலாறு மட்டும் மறுபதிப்பு போட வசதி. புரூஃப் திருத்தும்போது பெயர்களின் தலைப்பெழுத்தை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அதிகம் புகார் வருவது அதில்தான். பிரதிகள் வந்ததும் ஊர்க் கிளை நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒவ்வொன்று அனுப்பிவிட்டு, மீதியை விழா மேடைக்கு எடுத்துப் போங்கள்.