பழைய ஏரோப்ளேன் கிறுக்கு ரெண்டு பேருக்கு இருந்தா, அந்த ஃப்ரெண்ட்ஷிப்பை வருஷக்கணக்கா எப்படிக் கொண்டு போறது

பழைய விமானம் புடிச்சவங்களுக்கு இருக்குற பெரிய கஷ்டமே பேச ஆள் இல்லாததுதான். டகோட்டா இன்ஜின்ல எத்தனை சிலிண்டர்னு வீட்ல யாராவது கேப்பாங்களா, கேக்கவே மாட்டாங்க. அதனால இதே கிறுக்கு புடிச்ச இன்னொரு ஆள் கெடைச்சா தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. நானும் என் ஃப்ரெண்டும் காலேஜ்ல இருந்து இதை வெச்சேதான் பழகுறோம், இப்போ அவன் லண்டன்ல, நான் தாம்பரத்துல, ரெண்டு பேருக்கும் குடும்பம் குட்டி வேலைன்னு ஆயிடுச்சு, இன்னமும் ஏதாவது ஒரு பழைய ப்ளேனைப் பத்தி பேசாம எங்களுக்கு ஒரு வாரம் போகாது. எங்களுக்குக் கைகொடுத்ததை எல்லாம் எழுதுறேன்.

மொதல்ல ஆளைக் கண்டுபிடிக்கணும். பெங்களூர் ஹெச்.ஏ.எல் மியூசியம், டெல்லி பாலம்ல இருக்குற ஏர்ஃபோர்ஸ் மியூசியம், கோவா டாபோலிம் பக்கம் இருக்குற நேவி மியூசியம், இந்த மாதிரி எடத்துக்குப் போனா முக்காவாசி பேர் ஒரு போட்டோ எடுத்துட்டு அடுத்த ப்ளேனுக்கு நகந்துடுவாங்க, ஒருத்தர் மட்டும் குனிஞ்சு சக்கரம் மடங்கி உள்ள போற எடத்தை எட்டிப் பாத்துட்டு இருப்பார், அவர்கிட்ட போய்ப் பேசுங்க. உங்களுக்கு எந்த ப்ளேன் புடிக்கும்னு ஆரம்பிக்காம கண்ணு முன்னாடி நிக்குறதைப் பத்தியே ஒரு கேள்வி போடுங்க. நம்ம ஊர்ல செஞ்ச ஜெட் ஃபைட்டர் மாருத் நிக்குதுன்னு வைங்க, ஜெர்மன்காரர் குர்ட் டாங்க் டிசைன் பண்ணினது, 1961-ல பறந்துடுச்சு, அதுக்கேத்த பவர் உள்ள இன்ஜின் மட்டும் கெடைச்சிருந்தா எங்கயோ போயிருக்கும் இல்லன்னு ஒரு வார்த்தை விட்டுப் பாருங்க. நம்ம ஆளா இருந்தா அங்கேயே அரை மணி நேரம் ஓடிடும்.

அடுத்தது, எல்லா விமானத்தையும் ஒரே நேரத்துல புடிச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணை மட்டும் எடுங்க. நான் டகோட்டாவைத்தான் சொல்லுவேன், ஏன்னா 1935-ல டகோட்டாவோட மூலமான டிசி-3 பறந்ததுல ஆரம்பிச்சு ரெண்டாம் உலக யுத்தம், பாசஞ்சர் சர்வீஸ், 1947 காஷ்மீர் வரைக்கும் அதுல கதை கொட்டிக் கெடக்கு, இன்னிக்கும் பறந்துட்டு இருக்கு. எடுத்ததும் வேலையைப் பிரிச்சுக்கங்க, ஒருத்தர் மெஷின், இன்னொருத்தர் வரலாறு. என் ஃப்ரெண்ட் மெக்கானிக்கல் படிச்சவன், இன்ஜின் அவனுது, ஸ்க்வாட்ரன் (ஏர்ஃபோர்ஸ் படைப்பிரிவு), தேதி, யார் ஓட்டினாங்கங்கிறது எல்லாம் என்னுது. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் படிச்சா கொஞ்ச நாள்ல பேச ஒண்ணும் இருக்காது, இல்லன்னா யாருக்கு அதிகம் தெரியும்ங்கிற போட்டி வந்துடும், பிரிச்சுக்கிட்டா எப்பவுமே ஒருத்தருக்கு இன்னொருத்தர்கிட்ட கேக்க ஏதாவது பாக்கி இருக்கும்.

சண்டை வரும், வரட்டும். ஆனா ஒரு ரூல் வெச்சுக்கங்க, போட்டோவோ புக்கோ விமானத்துல இருக்குற ப்ளேட்டோ காட்டாம யாரும் ஜெயிச்சதா கணக்கு கெடையாது. எங்களுக்குள்ள நீளமா போன சண்டை விபி 905 பத்தி. 1947 அக்டோபர் 27-ந் தேதி சீக்கிய ரெஜிமெண்ட் வீரர்களை ஸ்ரீநகர்ல கொண்டு போய் எறக்கின டகோட்டாவோட நம்பர் அது. இப்போ நம்ம ஏர்ஃபோர்ஸ்ல பறக்குற பரசுராமா டகோட்டா மேலயும் அதே நம்பர்தான் இருக்கு. அப்போ அதே விமானம்தானேன்னு அவன், இல்லைன்னு நான். இப்போ பறக்குறது, அப்போ எம்.பி-யா இருந்த ராஜீவ் சந்திரசேகர் 2011-ல வாங்கி, இங்கிலாந்துல சீர் பண்ண வெச்சு, 2018-ல ஏர்ஃபோர்ஸுக்குக் குடுத்த வேற ஒரு டகோட்டா, அவரோட அப்பா டகோட்டா பைலட். அந்தப் பழைய விமானத்துக்கு மரியாதையா அதோட நம்பரை இதுல எழுதியிருக்காங்க. பெயிண்ட்ல இருக்குற நம்பரை வெச்சு ஒரு விமானத்தோட ஜாதகத்தைச் சொல்லிடாதீங்க, கம்பெனி கட்டும்போது அடிச்ச நம்பர் வேற, இதுல ஏமாறாத ஆளே இல்ல.

அப்புறம், புக்குல கெடைக்காததை மனுஷங்ககிட்ட கேளுங்க, ரெண்டு பேரும் சேந்தே போங்க. தாம்பரம் சேலையூர் பக்கம் ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க நெறைய பேர் இருக்காங்க, பைலட்டை மட்டும் தேடாம க்ரவுண்ட் க்ரூல, அதாவது கீழ நின்னு ப்ளேனைப் பராமரிக்குற டீம்ல இருந்தவங்களைத் தேடுங்க, அவங்க கைதான் அந்த இன்ஜினுக்குள்ள போனது. ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் எழுதணும், ரெக்கார்ட் பண்றதா இருந்தா மொதல்லயே கேட்டுடணும். நாங்க பாத்த ஒரு பெரியவர், டகோட்டா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன சார் பண்ணுவீங்கன்னு கேட்டதும் சேர்ல இருந்து எந்திரிச்சு நின்னுட்டார். டகோட்டால ரெண்டு இன்ஜின், ஒவ்வொண்ணுலயும் 14 சிலிண்டர், முன்னாடி ஏழு பின்னாடி ஏழுன்னு வட்டமா நிக்கும், ராத்திரி சும்மா நிக்கும்போது ஆயில் மெல்ல எறங்கி அடியில இருக்குற சிலிண்டர்ல தேங்கிடும், அப்படியே ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டன் அந்த ஆயிலை அமுக்க முடியாம, அதைத் தள்ளுற கனெக்டிங் ராடே வளைஞ்சு போயிடும். அதனால காலைல ப்ரொப்பல்லரைக் கையால ஒவ்வொரு ப்ளேடா தள்ளி சுத்தணும்பா, எங்கயாவது கெட்டியா நின்னா பலம் போட்டுத் தள்ளக் கூடாது, கீழ இருக்குற ப்ளக்கைக் கழட்டி ஆயிலை வடிச்சுட்டுத்தான் மறுபடி சுத்தணும்னு சொல்லிக்கிட்டே ஹால் நடுவுல ரெண்டு கையையும் தூக்கி ஒவ்வொரு ப்ளேடா எறக்கிக் காமிச்சார், எண்ணிக்கிட்டே வேற எறக்கினார். நான் எழுதுறதை நிறுத்திட்டுப் பாத்துட்டு இருந்தேன், அவன் ராடு சைஸ் கேட்டுட்டு இருந்தான். அந்த சாயங்காலத்தைப் பத்தி நாங்க எத்தனை தடவை பேசியிருப்போம்னு கணக்கே இல்ல. இந்த ஆளுங்களுக்கு எல்லாம் வயசாயிட்டு இருக்கு, அடுத்த லீவுல பாத்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க.

ஒருத்தர் வெளிநாடு போயிட்டா என்ன பண்றதுன்னுதான் நெறைய பேர் கேப்பாங்க, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒரே குடும்பத்து விமானங்களைப் புடிச்சுக்கங்க. எங்களுது பி-24 லிபரேட்டர். யுத்தம் முடிஞ்சதும் கான்பூர்ல இங்கிலாந்துக்காரங்க, அமெரிக்காவுல செஞ்ச இந்த பெரிய பாம்பர்களை, யாரும் இனிமே பறக்க விடக்கூடாதுன்னு வேணும்னே ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நம்ம ஹிந்துஸ்தான் ஏர்க்ராஃப்ட் (இப்போ ஹெச்.ஏ.எல்) ஆளுங்க அந்தக் குவியலுக்குள்ள போய், இதுல இருந்து அதுக்கு அதுல இருந்து இதுக்குன்னு பார்ட் மாத்தி, பெங்களூர் வரைக்கும் பறக்குற அளவுக்கு ஒட்ட வெச்சு ஒவ்வொண்ணா ஓட்டிட்டு வந்து, அங்க முழுசா ரிப்பேர் பண்ணினாங்க. 1948 நவம்பர்ல அஞ்சாம் நம்பர் ஸ்க்வாட்ரன் அந்த விமானங்களோடதான் ஆரம்பிச்சுது, அந்த விமானங்க 1968 வரைக்கும் நம்ம ஏர்ஃபோர்ஸ்ல ஓடுச்சு. உலகம் பூரா லிபரேட்டரை எல்லாம் காய்லாங்கடைக்குப் போட்டு முடிச்ச பிறகும் நம்மகிட்ட நல்லா இருந்ததால, லண்டன் ஹெண்டன் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம், அமெரிக்காவுல அரிசோனா பீமா மியூசியம், கனடாவுல ஒட்டாவா மியூசியம் இந்த மூணு எடத்துலயும் இன்னிக்கு நிக்குற லிபரேட்டர் இந்தியாவுல இருந்து போனது. ஒண்ணு பாலம்ல நம்மகிட்டயே இருக்கு. இது தெரிஞ்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

இதை வெச்சு என்ன பண்ணலாம்னா, அவன் ஹெண்டன்ல அந்த விமானத்துக்குக் கீழ நிக்கணும், நீங்க பாலம்ல நிக்கணும், ஒரே எடத்தை ரெண்டு பேரும் பாக்கணும். பாம் பே கதவுல, அதாவது குண்டு வெச்சிருக்குற வயித்துப் பக்கத்துக் கதவுல ஆரம்பிங்க, மத்த பாம்பர்ல பெரும்பாலும் கதவு வெளியில தொறந்து தொங்கும், இதுல கடை ஷட்டர் மாதிரி சுருண்டு பக்கவாட்டுல மேல ஏறிடும். அந்தத் தகடு எங்க வளையுது, எந்த எடத்துல ஒட்டுப் போட்டிருக்கு, ரிவெட் வரிசை ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கா, ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வந்தா ஒரு விசிட்ல முடியவே முடியாது. ஃபோன் பேச ஒரு காரணம் தேடுற நெலமையே வராது. எங்கயும் ஏறாதீங்க, தொடாதீங்க, போட்டோ எடுக்கலாமா, என்னிக்கு லீவுன்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

மாடல் கட்டுறதும் நல்ல வழி, முக்கியமா லீவுல அவன் ஊருக்கு வரப்போ. 1/72 சைஸ்ல டைகர் மாத் எடுங்க, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு இறக்கை உள்ளது, மேல் இறக்கையை ஒருத்தர் நேரா புடிச்சாத்தான் இன்னொருத்தர் பசை வைக்க முடியும், தனியா கட்டினா கோணிடும். பணத்தைப் பொறுத்தவரைக்கும் வாங்குறதை அப்பப்பவே பாதி பாதி போட்டுடுங்க, பழைய பார்ட், பழைய மேனுவல் எல்லாம் வெலை ஏறிக்கிட்டே போகுது, அது யாருதுன்னு வாங்குற அன்னிக்கே பேசி முடிச்சுடுங்க.

ஏர் ஷோ வந்தா சேந்து போங்க. 2024 அக்டோபர்ல மெரினால டகோட்டாவும் ஹார்வர்ட்னு ஒரு பழைய ட்ரெய்னிங் விமானமும் பறந்துச்சு, ஆனா அன்னிக்கு வெயில்லயும் நெரிசல்லயும் சில பேர் செத்தே போயிட்டாங்க. அதனால தண்ணி, தொப்பி எடுத்துக்கங்க, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா கூட்டத்துக்கு நடுவுல போய் நிக்காதீங்க, தள்ளி நின்னாலும் அந்த இன்ஜின் சத்தம் காதுல விழும்.

கடைசியா சேந்து தேடுறதுக்கு ஒரு வேலை. நம்ம ஊர்ல பழைய இன்ஜினியரிங் காலேஜ் வளாகத்துல எல்லாம் விமானம் நிக்கும், அப்துல் கலாம் படிச்சப்போ குரோம்பேட்டை எம்.ஐ.டி-ல ரெண்டு பழைய விமானம் நின்னுச்சு, அதைப் பாத்துத்தான் தனக்கு ஆசை வந்ததா அவரே எழுதியிருக்கார். பீட்டர் வேச்சர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1982-ல காசி ஹிந்து யுனிவர்சிட்டி வளாகத்துல ஹரிக்கேன்னு ஒரு பழைய ஃபைட்டர் விமானம் கெடக்குறதைப் பாத்தார், விசாரிச்சா அதோட நம்பர் ஆர் 4118, 1940-ல இங்கிலாந்து மேல நடந்த சண்டைல நேராவே பறந்த விமானம். அதைக் கொண்டு போறதுக்கு 2001 ஆச்சு, மறுபடி பறந்தது 2004 டிசம்பர்ல. நம்மளால வாங்க முடியாது, ஆனா பதிவு பண்ண முடியும். உங்க மாவட்டத்துல எந்த காலேஜ், எந்த என்.சி.சி ஆஃபீஸ், எந்த பார்க்ல ப்ளேன் நிக்குதுன்னு ஒரு நோட்டு போடுங்க, ப்ரின்சிபாலுக்கு ரெண்டு பேர் பேரும் போட்டு லெட்டர் எழுதி பர்மிஷன் வாங்குங்க, காலைல சீக்கிரம் போங்க, வெயில் ஏறினா தகடு கண்ணைக் கூசும் நம்பர் தெரியாது. வால், இறக்கை அடி, சக்கரத்துக்கு மேல, காக்பிட் ஓரம் இந்த நாலு எடத்தையும் போட்டோ எடுங்க, பெயிண்ட்டுக்கு அடியில பழைய நம்பர் லேசா தெரிஞ்சா டார்ச்சை சாய்ச்சு அடிச்சு இன்னொண்ணு எடுங்க, ஒருத்தர் டார்ச், ஒருத்தர் கேமரா.